கூழும் சிரட்டையும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், கனடாவிலிருந்து வந்திருந்த என் மகன் குடும்பத்தாரோடு யாழ்ப்பாண நகரத்து உணவுச்சாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். ஊர்ச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பது பேரப்பிள்ளைகளின் ஆசை. வீட்டிலே குசினி இருக்க, ஊர்ச் சாப்பாட்டைத் தேடிக் கடைக்குப் போவது எனக்குச் சற்று விநோதமாகவே பட்டது. ஆயினும் கிழவனின் முணுமுணுப்பாக அதை எனக்குள்ளேயே அடக்கிக்கொண்டேன். ஒடியற்கூழ் கொண்டுவரச் சொன்னார்கள். வந்தது. தேய்த்து மினுக்கிய சிரட்டைகளை மரத்தாற் செய்த சிறு தாங்கிகளில் நிறுத்தி, அவற்றிலே கூழை வார்த்து அழகாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பேரன் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். மருமகள், "எவ்வளவு வடிவாய் இருக்கு" என்றாள்.

நான் அந்தச் சிரட்டையைக் கையில் எடுக்கவில்லை. பரிமாறிய இளைஞனை அழைத்து, "தம்பி, எனக்கு ஒரு கோப்பையிலை ஊத்தித் தரேலுமோ?" என்று கேட்டேன். அவன் சங்கடப்பட்டுப் போனான்.

"இஞ்சை எல்லாருக்கும் சிரட்டையிலைதான் ஐயா குடுக்கிறது."

எல்லாருக்கும் என்ற சொல்லை அவன் மிகச் சாதாரணமாகத்தான் சொன்னான். இருபது வயது இருக்கும். அவனுடைய பாட்டனார் எந்தப் பாத்திரத்திலே தேநீர் குடித்தார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்குமோ, என்னவோ. நான் கூழை ஆறவிட்டுப் பாதி குடித்தேன். நண்டும் இறாலும் தாராளமாகக் கிடந்தன. உறைப்பும் புளிப்பும் அளவாக இருந்தன. கூழிலே குற்றம் சொல்வதற்கில்லை. மிச்சத்தைப் பேரன் வாங்கிக் குடித்துவிட்டு, "ஏன் அப்பப்பா, உங்களுக்குப் பிடிக்கேல்லையா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அந்த மேசையில் வைத்து நான் மறுமொழி சொல்லவில்லை. இங்கே சொல்ல முயல்கிறேன்.

எங்கள் வீடு வலிகாமத்துச் செம்மண் கிராமம் ஒன்றிலே இருந்தது. தகப்பனார் புகையிலையும் மிளகாயும் செய்த சிறு கமக்காரர். பணக்காரர் அல்லர். ஆனால், வேலிக்கு வெளியே நிற்கவேண்டியவர் யார், உள்ளே வந்து திண்ணையில் இருக்கத்தக்கவர் யார் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பணத்தோடு மட்டும் வருவதில்லை என்பதை வாசகர் அறிவர். அந்த அதிகாரம் எங்கள் வீட்டில் ஆச்சியின் கையில் இருந்தது. அப்பா தோட்டத்தை ஆண்டார். ஆச்சி அடுப்பை ஆண்டாள். இரண்டிலும் கடிய ஆட்சி எது என்று கேட்டால், தயங்காமல் அடுப்பையே சொல்வேன்.

கூழ் காய்ச்சும் நாள் வீட்டில் ஒரு சிறு திருநாளைப் போல இருக்கும். (கூழ் என்றவுடன் ஆடிக்கூழை நினைப்போர் உண்டு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பாடிப் பிள்ளைகளின் வாயிலெல்லாம் ஏற்றிவிட்டது அதனையே. அது பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் பயறும் சேர்ந்த இனிப்புக் கூழ். நான் சொல்வது உறைப்புக் கூழ்.) ஒடியல் மாவை முன்கூட்டியே தண்ணீரிலே ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்து வடித்துக் கசப்பைப் போக்குவார்கள். முற்றத்து மாமரத்தின் கீழே மூன்று கற்களைக் கூட்டிப் பெரிய பானை ஏறும். ஒரு சிறங்கை அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள் முதலில் அவியும். பின்னர் மீன்தலை, நண்டு, இறால், கையிலகப்பட்ட சின்ன மீன்கள். அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும், கரைத்த பழப்புளியும். கடைசியிலேதான் ஒடியல் மாக் கரைசல். முருங்கையிலை ஒரு பிடியை மேலே தூவி இறக்குவார்கள். ஒரு வீட்டுக் கூழ் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பெரியம்மா வீடு, சின்னம்மா வீடு, பக்கத்து வளவு எல்லோரும் வந்து சுற்றியிருந்து, பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தியும், பனையோலையிலே பிளா மடித்தும், மூக்கால் நீர் வடிய வடியக் குடிப்பார்கள். கூழ் குடிப்பவர் வாய் திறந்து பேசினால் அது "இன்னும் கொஞ்சம்" என்பதற்காகவே இருக்கும்.

நான் சொல்லவந்த நாள் 1960ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையிலே வந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. வேலி அடைக்க ஒருவர் வந்திருந்தார். ஆண்டுதோறும் எங்கள் வேலியை அடைப்பவர் அவரே. தோட்டத்துக்குச் சாறுவதும், பனங்காணியில் வேலை செய்வதும் அவரே. பள்ளிக்கூடம் இல்லாதபடியால் அன்று தம்முடைய மகனையும் ஓலை எடுத்துக்கொடுக்கக் கூட்டிவந்திருந்தார். அந்த மகன் என் வகுப்புத் தோழன். நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருப்பவர்கள்.

இந்த இடத்திலே புழுக்கொடியலைப் பற்றிச் சொல்லவேண்டும். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கல்லைப் போல இருக்கும். பல்லால் முறித்து வாயில் அதக்கிக்கொண்டிருந்தால் மெல்ல மெல்லச் சாறு இறங்கும். தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் சேர்ந்தால் பின்னேரத் தேநீருக்கு அதைவிட வேறொன்று வேண்டியதில்லை. என் தோழன் காற்சட்டைப் பையிலே நாள்தோறும் இரண்டு துண்டு கொண்டுவருவான். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது வாங்கின் கீழே கை மாறும். அது அவன் வீட்டுப் பானையிலே அவிந்த கிழங்கு. ஆச்சிக்குத் தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் நன்கு அறிவேன். அறிந்துகொண்டே தின்றேன். அதனால் என்னை ஏதோ பெரிய சமத்துவவாதியாக வாசகர் எண்ணிவிடக்கூடாது. புழுக்கொடியலின் ருசி அப்படி.

அன்று நண்பகலில் கூழ் இறங்கியது. நாங்கள் எல்லோரும் மாமரத்தின் கீழே பிளாவோடு இருந்தோம். தகப்பனும் மகனும் வேலியடியிலே குந்தியிருந்தார்கள். குசினியின் பின்புறத்துக் கிடுகுவேலியிலே இரண்டு மூன்று சிரட்டைகள் எப்போதும் செருகியபடி இருக்கும். வேலை செய்ய வருபவர்கள் தாமே எடுத்துக் கழுவி, குடித்துவிட்டு, மறுபடி கழுவிச் செருகிவிட்டுப் போகவேண்டும் என்பது வழக்கம். ஆச்சி ஒரு செம்பிலே கூழை வார்த்து என் கையில் தந்தாள்.

"கொண்டுபோய் அவங்களுக்கு வார். படாமல் உயத்தி வார்."

நான் போனேன். தகப்பன் சிரட்டையை இரண்டு கைகளாலும் ஏந்தினார். வார்த்தேன். பின்னர் மகன் ஏந்தினான். கூழ் தண்ணீரைப் போல நேராக விழாது. உயரத்திலிருந்து வார்த்தால் கட்டியாகச் சரிந்து தெறிக்கும். கொதி அடங்காத கூழ் அவனுடைய மணிக்கட்டிலே விழுந்தது. அவன் கையை இழுக்கவில்லை. இழுத்தால் சிரட்டை கவிழ்ந்துவிடும். அவன் என் முகத்தைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று சொல்வதன் காரணம், நான் சிரட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியது. ஒரே வாங்கு, ஒரே இடம். மணிக்கட்டிலே தோல் உரிந்து வெளிறிய ஒரு தழும்பு. அவன் என்னோடு கோபிக்கவில்லை, சண்டை பிடிக்கவில்லை. பேசினால் மறுமொழி சொன்னான். புழுக்கொடியல் மட்டும் வரவில்லை. இரண்டு துண்டையும் அவனே தின்றானோ, ஒன்றும் கொண்டுவராமல் விட்டானோ, நான் கேட்கவில்லை.

இப்பொழுது எண்ணிப் பார்க்கையில் அந்தக் கூழின் பூர்வோத்தரம் வேடிக்கையாக இருக்கிறது. ஆவணி புரட்டாதியில் விழுந்த பனம்பழங்களின் கொட்டைகளைப் பொறுக்கி எங்கள் காணியில் பாத்தி போட்டவர் அந்த மனிதர். மாரி மழை குடித்து முளைவிட்ட கிழங்கைத் தை மாதத்திலே கிண்டி எடுத்தவர் அவர். கிழங்கைக் கிழித்து வெயிலிலே காயவைத்து ஒடியலாக்கியவள் அவருடைய மனைவி. அதை உரலில் இடித்து, அரித்து, மாவாக்கிக் கடகத்திலே கொண்டுவந்து தந்தவளும் அவளே. அந்த மாவை ஆச்சி கையால் அளந்து வாங்கினாள். அதுவரையும் தீட்டு இல்லை. அந்த மாவிலே எங்கள் வீட்டுத் தண்ணீர் பட்டு, எங்கள் வீட்டு நெருப்பு ஏறிய கணத்திலிருந்துதான் தீட்டு ஆரம்பமாகிறது. பச்சையாக இருக்கும்வரையும் அவர்களுடைய கை வேண்டும். வெந்த பின்னர் அவர்களுடைய கை ஆகாது. ஆச்சியின் சாத்திரத்திலே இது எந்த ஏட்டில் எழுதியிருந்தது என்று நான் கேட்டதில்லை. உழைப்பைப் பெற்றுக்கொள்ளும் வாசல் ஒன்று, உணவைக் கொடுக்கும் வாசல் வேறு என்று வகுத்துவிட்டால் எவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை அல்லவா?

எங்கள் வீட்டுக்குள்ளேயும் இன்னொரு வரிசை இருந்தது. முதலில் அப்பா. பிறகு பிள்ளைகள். பிறகு ஆச்சி. எல்லோருக்கும் பின்னே அம்மா. "நான் பிறகு சாப்பிடுறன்" என்ற வாக்கியத்தை என் வாழ்நாளில் அம்மாவின் வாயிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ தெரியாது. அந்தப் "பிறகு" எப்போது வந்தது என்பதை நாங்கள் ஒருவரும் கவனித்ததில்லை. இரவிலே எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின், அவள் கறிச்சட்டியிலே மிஞ்சிய சோற்றைப் போட்டு, ஒட்டிக்கிடந்த மீன்குழம்பு, கீரை, சம்பல் எல்லாவற்றையும் வழித்துக் குழைப்பாள். அந்த மணம் எழுந்தால் நாங்கள் கழுவிய கையோடு திரும்பி ஓடிவந்து கையை நீட்டிக்கொண்டு நிற்போம். உருட்டி உருட்டி ஆளுக்கொரு கவளம் வைப்பாள். இன்றைக்கும் "எந்தச் சாப்பாடு உங்களுக்கு விருப்பம்?" என்று எவராவது கேட்டால், அந்தச் சட்டியிலே குழைத்த சோறு என்றே சொல்லத் தோன்றுகிறது. அது அம்மாவின் பங்கு என்பதும், நாங்கள் வயிறு நிறைந்த பின்னரும் அதைப் பறித்துத் தின்றோம் என்பதும் எனக்குத் தலை நரைத்த பிறகே உறைத்தது. விடியற்காலையில் அவள் நின்ற நிலையிலே ஒரு கோப்பை பழஞ்சோற்றுத் தண்ணீரை வெங்காயத்தோடு குடித்துவிட்டு எங்களுக்குப் பிட்டு அவிப்பாள்.

பிட்டு என்றால் பெரும்பாலும் கோதுமை மாப் பிட்டு. கூப்பன் மாவைச் சீலையிலே கட்டி ஆவியில் அவித்து, கட்டியை உடைத்து அரிதட்டில் அரித்து, கொதிநீர் விட்டுக் குழைத்து, பால்பேணியின் விளிம்பால் கொத்திக் கொத்திச் சிறு மணிகளாக்கி, தேங்காய்ப்பூச் சேர்த்து நீத்துப்பெட்டியில் வைத்து அவிக்கவேண்டும். இத்தனை வேலையும் கிழக்கு வெளுப்பதற்கு முன்னே நடந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர் விமானத்தால் இறங்கியவுடனே கேட்பது இந்தப் பிட்டையும் சம்பலையும்தான். நம்முடைய பரம்பரை உணவு என்று பேரப்பிள்ளைகளுக்கு அறிமுகமும் செய்து வைக்கிறார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியைக் கெடுக்க நான் விரும்பவில்லை. ஆனால் கோதுமை நம் நாட்டுப் பயிர் அன்று. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மாவும் பாணும் வந்தன. யுத்தம் முடிந்தது, மா முடியவில்லை. பின்னாளிலே கடல் கடந்து உதவியாக வந்து இறங்கிய மாவுக்கு எங்களூர்ப் பெண்கள் "அமெரிக்கன் மா" என்றே பெயர் வைத்தார்கள். அரிசி மாவிலும் குரக்கன் மாவிலும் ஒடியல் மாவிலும் பழகிய கைகள் அந்த அந்நிய மாவை எடுத்து, அதன் பசைத்தன்மையைப் போக்க முதலில் ஆவியில் அவிப்பது என்ற உபாயத்தைப் பிடித்து, பிட்டாக்கிவிட்டன. நம் சமையலிலே மேதை என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், பெயர் தெரியாத அந்த முதற் பெண்ணைச் சொல்வேன்.

அரிசியின் கதையும் அப்படித்தான். சீனத்துக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் உடன்படிக்கையை இலங்கை 1952இல் செய்துகொண்டது. அடுத்த ஆண்டிலே, பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. 1953 ஓகஸ்ட் 12ஆம் தேதி நாடு ஹர்த்தாலிலே எழுந்தது. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். ஒரு கொத்து அரிசி ஒரு பிரதமரை இறக்கியதை எங்கள் ஆசிரியர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். சோற்றுக்காக ஒன்றுபட்ட அதே மக்கள், சோற்றை ஒன்றாக இருந்து உண்ண மறுத்த கதையை அவர்கள் அவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை.

அந்தக் கதையும் பழையது. பள்ளிகளிலே சம ஆசனம், சம போசனம் வேண்டும் என்ற கோரிக்கை 1920களின் கடைசியிலேயே யாழ்ப்பாணத்தில் எழுந்தது. வாலிபர் காங்கிரஸ் அதனை ஆதரித்து நின்றது. எதிர்த்தவர்களோ பள்ளிக்கூடங்களையே கொளுத்தினார்கள். பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பதைக் காட்டிலும் வாங்கு எரிந்துபோவது மேல் என்று எண்ணிய மனிதர்கள் நம் பாட்டன்மார். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. கடையிலும் உணவுச்சாலையிலும் ஒருவனைச் சாதி சொல்லித் தடுப்பது அதன்படி குற்றம். சட்டம் கொழும்பிலே இருந்தது. எங்களூர்த் தேநீர்க்கடையிலோ உள்ளே இருப்பவருக்குக் கண்ணாடிக் கிளாசும் வெளியே நிற்பவருக்குச் சிரட்டையும் இருந்தன. சில கடைகளிலே நாகரிகம் முன்னேறிச் சிரட்டைக்குப் பதிலாகப் போத்தல் வந்தது. 1960இல் என் கையிலே செம்பு இருந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது மூன்று.

1966 ஒக்டோபர் 21ஆம் தேதி தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டது. பொலிசாரின் குண்டாந்தடியடியையும் தாங்கிக்கொண்டு போனார்கள். என் தோழன் அதிலே போனான். பின்னர் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களிலும் நின்றான். ஒரு கிளாஸ் தேநீரைக் கதிரையில் இருந்து குடிப்பதற்காக மண்டை உடைந்தவர்களைத் தனக்குத் தெரியும் என்று பிற்காலத்தில் என்னிடம் சொன்னான். அந்த ஒக்டோபர் நாளில் நான் வீட்டிலே இருந்தேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது கார்க்கியின் "தாய்" நாவலை இரண்டாந் தரம் வாசித்துக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை.

ஆசிரியனாகி 1973இல் மலைநாட்டுத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து போன எங்களிற் சிலர் அங்கே விடுதியிலே தனியே பிட்டு அவித்துத் தின்றுகொண்டு, அந்த மக்களை இழிசொல்லாற் குறித்ததையும் மறைக்கக்கூடாது. அரிசியும் மாவும் அரிதாகி விலை ஏறிய காலம். 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களிற் பசியால் மனிதர் இறந்தார்கள். இது கதையன்று. என் வகுப்பிலே ஒரு பையன் மதிய வேளை வந்தவுடன் பீலியடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். ஒருநாள் அவனோடு லயத்துக்குப் போனேன். அவன் தாய் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். என்னைக் கண்டதும் பதறிப்போய், இருந்த ஒரே ரொட்டியை மூன்றாகப் பிய்த்து, பெரிய துண்டை எனக்கும், மற்ற இரண்டையும் பிள்ளைகளுக்கும் வைத்தாள். கூடவே இடித்த மிளகாயும், பாலும் சீனியும் இல்லாத தேநீரும். எங்கள் அம்மா ஆவியில் அவித்துப் பிட்டாக்கிய அதே மாவேதான். தேங்காய்க்கும் நேரத்துக்கும் வழியில்லாத இடத்திலே அது உப்பும் தண்ணீரும் சேர்ந்து தகரத்தட்டிலே சுட்ட ரொட்டியாக இருந்தது.

"நீங்கள் சாப்பிடவில்லையா?" என்றேன்.

"நான் அப்பவே சாப்பிட்டுட்டேங்க சார்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். சொல் வேறு, ஊர் வேறு. ஆனால் "நான் பிறகு சாப்பிடுறன்" என்ற அதே குரல். அப்பவே என்றும் பிறகு என்றும் சொல்லப்படுகின்ற அந்த இரண்டு நேரங்களிலும் உலகத்திலே எந்தத் தாயும் சாப்பிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நான் அந்தத் துண்டைத் தின்றேன். மறுப்பது அவமதிப்பாகிவிடும் என்று அப்போது எண்ணினேன். தின்றது சரியோ என்று இன்றும் எண்ணுகிறேன்.

1977 கலவரத்தின் பின்னர் ஊருக்கு மாற்றம் பெற்று வந்தேன். ஆச்சி காலமாகிவிட்டாள். அப்பாவும் போய்விட்டார். வேலி அடைத்தவரும் இல்லை. தோழன் தச்சுத்தொழில் செய்துகொண்டு பக்கத்து ஊரிலே இருந்தான். கண்டால் நின்று பேசுவோம். அரசியல் பேசுவோம். வீட்டுக்கு வா என்று நான் அழைப்பதும், வருகிறேன் என்று அவன் சொல்வதும், வராததும் வழக்கமாயிருந்தன.

1990இல் யுத்தம் மறுபடி மூண்டது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெயும் மாவும் சீனியும் பொன்னாயின. பலாலிப் பக்கத்து ஊர்களிலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்து வந்தார்கள். எங்கள் வீட்டிலே இரண்டு குடும்பங்கள் தங்கியிருந்தன. அவர்கள் எந்தச் சாதி என்று அம்மா கேட்கவில்லை. கேட்டாலும் அடுப்பு ஒன்றுதான். பிட்டுக்கு மா இல்லை. எல்லோரும் கைவிட்டிருந்த குரக்கனும் மரவள்ளியும் பனையும் மீண்டும் சோற்றின் இடத்துக்கு வந்தன. நம்மைக் காப்பாற்றியது பனை என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். பனை தானாக வந்து எவருடைய பானையிலும் இறங்கவில்லை. கிழங்கு கிண்டத் தெரிந்த கைகளும், ஒடியல் இடிக்கத் தெரிந்த கைகளும் ஊரிலே மிஞ்சியிருந்தன.

1991ஆம் ஆண்டிலே ஒருநாள் முற்பகலில் தோழன் சைக்கிளிலே வந்தான். கரியரில் ஒரு பை. "மனிசி இடிச்சது. ரீச்சர்மாற்றை வீடுகளிலை இது இருக்காது எண்டு கொண்டந்தனான்" என்றான். என்னை ஆசிரியைகளோடு சேர்த்துக் கேலி செய்வது அவன் வழக்கம். நான்கைந்து இறாத்தல் ஒடியல் மா. அதன்மேலே கடதாசியிற் சுற்றிய ஒரு சிறு கட்டு. பிரித்தேன். புழுக்கொடியல். அவன் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிடுகுவேலி எப்போதோ போய் அங்கே மதில் வந்திருந்தது. நான் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். எனக்குப் பல் சரியில்லை. ஆனாலும் வைத்தேன்.

அம்மாவுக்கு அப்போது எழுபதுக்கு மேல். "இருந்து குடிச்சிட்டுப் போ தம்பி" என்று அவனை மறித்துவிட்டாள். மாவை ஊறவிட்டு, மாமரத்தின் கீழே கல் கூட்டினாள். கடலுக்குப் போகத் தடையாதலால் நண்டு இல்லை, இறால் இல்லை. யாரோ தந்த கருவாட்டுத் துண்டு இரண்டு, மரவள்ளி, முருங்கையிலை, மிளகாய். அவ்வளவுதான் கூழ். மணம் மட்டும் பழைய மணம். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் பானையைச் சுற்றிக்கொண்டார்கள். வீட்டிலிருந்த கோப்பைகளும் கிளாசுகளும் பேணிகளும் ஒவ்வொன்றாய் முடிந்தன. அம்மா அலுமாரியைத் திறந்து, கலியாண வீட்டுக்கும் விருந்தாளிக்கும் மட்டும் எடுக்கின்ற பித்தளை மூக்குப்பேணியை எடுத்து, சாம்பலால் விளக்கி, அதிலே கூழை வார்த்துத் தோழனின் கையிலே கொடுத்தாள். அவன் மணிக்கட்டைத் திருப்பி வாங்கினான். தழும்பு அங்கேதான் இருந்தது.

"நீங்களும் இருங்கோவன் அம்மா" என்றான் அவன்.

"நான் பிறகு…"

"பிறகு என்ன பிறகு? பானையிலை மிஞ்சாது. இப்ப இருங்கோ."

சிறு வயதிலே அவன் அவளை நாச்சியார் என்று அழைத்தவன். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பாத்திரம் ஒன்றும் மிச்சமில்லை. அடுப்பெரிக்கக் குவித்து வைத்திருந்த சிரட்டைகளில் ஒன்றை எடுத்தாள். கிணற்றடிக்குப் போய்க் கழுவினாள். அதிலே தனக்குக் கூழ் வார்த்துக்கொண்டு வந்து எங்களோடு கீழே இருந்தாள். எல்லோரும் குடிக்கும் நேரத்திலே அம்மாவும் இருந்து குடிப்பதை நான் அன்றுதான் கண்டேன்.

தோழன் அந்தச் சிரட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இந்த முறை நானும் பார்த்தேன். அவன் மூக்குப்பேணியை அண்ணாந்து ஒரு மிடறு குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்:

"உப்புக் கொஞ்சம் காணாது அம்மா."

அம்மா சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு உப்புப் பேணியை எடுக்க எழுந்தாள்.